விசுவாசம் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள் சுற்றிச்சுற்றி வரும். வகுப்பு நடக்கும்போது யாரும் கேட்பதில்லை. எல்லோரும் எழுந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்ற முன்னுரையோடு வருகிறவையும் உண்டு. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நேரில் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்துக் கீழே தந்திருக்கிறேன்.

முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதை வைத்துத்தான் பின்னால் வரும் பதில்கள் போகின்றன. சபைகள் ஒத்துப்போகாத இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

கடவுள் இருக்கிறார்னு நம்புறேன். அதுதானே விசுவாசம்? அது போதாதா?

அது ஆரம்பம். அதோடு நின்றுவிட்டால் யாக்கோபு நம்மை ஒரு சங்கடமான கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார். தேவன் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்கிறார் (யாக்கோபு 2:19). அவைகளுக்குத் தெரிந்ததில் குறைவொன்றும் இல்லை. அவர்மேல் சாய்வதற்குத்தான் மனமில்லை.

சீர்திருத்தச் சபைகளின் பழைய போதகர்கள் விசுவாசத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள். யாரை நம்புகிறோம் என்று அறிவது ஒன்று. அறிந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. அவர்மேல் நம் பாரத்தை இறக்கிவைப்பது மூன்றாவது. 1563-ல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 21-ஆம் கேள்வியும் இதைத்தான் சொல்கிறது: நிச்சயமான அறிவும் முழுமனதோடு நம்பிச் சார்ந்திருப்பதும் சேர்ந்ததே மெய்யான விசுவாசம்.

முதல் இரண்டையும் ஒரு ஞானஸ்நான வகுப்பிலேயே முடித்துவிடலாம். மூன்றாவதற்கு ஆயுள் முழுக்க வேண்டும், ஏனென்றால் பாரம் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. இருபது வயதில் வேலையைக் குறித்து அவரை நம்பக் கற்றவர், நாற்பதில் பிள்ளையைக் குறித்து நம்பக் கற்கவேண்டியிருக்கும். முதலில் கற்றது வீணாவதில்லை. ஆனால் அது தானாக இதற்கும் வந்துவிடாது.

நான் இரட்சிக்கப்பட்டுட்டேன், ஞானஸ்நானமும் எடுத்தாச்சு. இதுக்கு மேல வளர என்ன இருக்கு?

தெசலோனிக்கேயாவில் இருந்தவர்கள் விசுவாசத்துக்காக உபத்திரவப்பட்டவர்கள். அவர்களுக்கே பவுல், உங்கள் விசுவாசத்தில் குறைவாயிருப்பதை நிறைவாக்க நேரில் வர ஆசைப்படுகிறேன் என்று எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 3:10). அடுத்த நிருபத்தில், அது மிகவும் பெருகுகிறது என்று நன்றி செலுத்தினார் (2 தெசலோனிக்கேயர் 1:3). குறைவு என்று சொன்னபோதும் அவர்களை அவிசுவாசிகள் என்று அவர் நினைக்கவில்லை.

ஆபிரகாமின் வயதுகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது 75. போன கொஞ்ச காலத்திலேயே எகிப்தில் உயிருக்குப் பயந்து, மனைவியைத் தங்கை என்று சொல்லச் சொன்னார். காத்திருந்து சலித்துப்போய், ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தபோது 86. சாராள் பெறுவாள் என்று தேவன் சொன்னதைக் கேட்டு முகங்குப்புற விழுந்து சிரித்தபோது 99. ஈசாக்கு பிறந்தபோது 100. அந்தத் தங்கை என்ற பொய்யை ஈசாக்கு பிறப்பதற்குச் சற்று முன்பு கேராரில் மறுபடியும் சொன்னார். கால் நூற்றாண்டு தேவனோடு நடந்த பிறகும் அதே பயம், அதே பொய்.

இதெல்லாம் தெரிந்த பவுல், அவர் வாக்குத்தத்தத்தைக் குறித்து அவிசுவாசமாய்ச் சந்தேகப்படவில்லை என்று எழுதுகிறார் (ரோமர் 4:20). பவுல் பூசி மெழுகுகிறாரா? நான் அப்படி நினைக்கவில்லை. விழுந்த இடங்களைத் தனித்தனியாக எடுக்காமல், அந்த மனிதர் கடைசிவரை எந்தப் பக்கம் முகத்தை வைத்திருந்தார் என்று பார்க்கிறார். நம் வாழ்க்கையையும் அப்படி வாசிக்கிறவர் ஒருவர் உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சாட்சி சொல்லச் சொன்னா எனக்குத் தேதி தெரியலை. எல்லாரும் "இந்த நாள், இந்த இடத்துல"ங்கிறாங்க. நான் உண்மையான விசுவாசிதானா?

மைக் கைக்கு வந்ததும் விழிக்கிறவர்கள் நிறையப் பேர். கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் அதிகம். குடித்ததில்லை, ஓடிப்போனதில்லை, சொல்லும்படி கதை எதுவும் இல்லை. சிலர் கதைக்காகத் தங்கள் பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் கறுப்படித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம்.

தமஸ்குவுக்குப் போகிற வழியில் கீழே விழுந்த பவுலுக்குச் சொல்ல ஒரு நாளும் ஒரு இடமும் இருந்தன. அவர் "குமாரனே" என்று அழைத்த தீமோத்தேயுவுக்கு இருந்தது பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும். சிறுவயதிலிருந்தே வேத எழுத்துகளை அறிந்தவர் என்று பவுல் அவரைப் பற்றி எழுதுகிறார், தேதி எதுவும் கேட்கவில்லை.

தேதி உள்ளவர்களின் கதையும் முழுதாகக் கேட்டால் அவ்வளவு நேராக இருக்காது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 மாலை லண்டனில் ஒரு கூட்டத்தில் தன் இருதயம் விநோதமாக அனலடைந்ததாக எழுதினார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அவர் குருவாக அபிஷேகம் பெற்றவர். அதே வெஸ்லி, 1739 ஜனவரியில், தான் இன்னும் கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். பண்டிதை ரமாபாய் 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம் மட்டுமே, கிறிஸ்துவையே கண்டுகொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான் என்று பின்னாளில் சாட்சி எழுதினார். ஆரம்பம் எது என்று குறிக்க முடியாவிட்டால் குறிக்காதீர்கள். இன்று அவரை நம்புகிறீர்களா என்பதற்குப் பதில் சொன்னால் போதும்.

கடுகு விதை அளவு இருந்தாலே மலை பெயரும்னு இயேசு சொன்னாரே. அப்போ அளவைப் பத்திக் கவலைப்படணுமா, வேண்டாமா?

லூக்கா 17-இல் சீஷர்கள் "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும்" என்று கேட்பதற்கு முந்தின வசனத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். உன் சகோதரன் ஒரே நாளில் ஏழு தரம் தப்பு செய்து, ஏழு தரம் வந்து மனஸ்தாபப்பட்டால், ஏழு தரமும் மன்னி என்று இயேசு அப்போதுதான் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத்தான் அவர்கள் மலைத்துப்போய் அப்படிக் கேட்டார்கள். அற்புதம் செய்யும் வல்லமைக்காக அல்ல, மன்னிக்க முடியாத ஒருவனை மறுபடியும் மன்னிப்பதற்காக.

பதிலுக்கு அவர், கடுகு விதையளவு இருந்தால் போதும் என்கிறார். இன்னும் சேர்த்துக்கொண்டு வாருங்கள், பிறகு கீழ்ப்படியலாம் என்று சொல்லவில்லை. இருப்பதை வைத்து இந்த ஏழாவது மன்னிப்பைச் செய் என்பதுதான் பொருள். அளவு முக்கியமில்லை, யார்மேல் வைத்திருக்கிறோம் என்பதே முக்கியம். அப்படியானால் வளர்வது எதில்? அதே சின்ன நம்பிக்கையை, இதுவரை அவரிடம் கொடுக்காமல் வைத்திருந்த இடங்களுக்கும் கொண்டுபோவதில்.

எனக்குச் சந்தேகம் வருது. சந்தேகப்படுறது பாவமா?

சந்தேகத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாற்கு 9-இல் வரும் தகப்பனைப் பாருங்கள். பிள்ளை சிறுவயது முதல் வலிப்பில் தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சீஷர்களிடம் கொண்டுவந்தும் ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிலும் கூட்டம், வேதபாரகரோடு வாக்குவாதம். இயேசுவிடம் அவர் சொல்கிற வார்த்தையே தயக்கத்தோடு வருகிறது: உம்மால் ஏதாவது செய்யக்கூடுமானால் உதவி செய்யும். விசுவாசிக்கக்கூடுமானால் எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னதும் கண்ணீரோடு கத்துகிறார்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும். இரண்டும் ஒரே மூச்சில். முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார்.

சிறையிலிருந்த யோவான்ஸ்நானன், "வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்கவேண்டுமா" என்று ஆளனுப்பிக் கேட்டார். அவருடைய சந்தேகம் போய்ச் சேர்ந்தது இயேசுவிடமே. அந்த ஆட்கள் திரும்பிப் போன பிறகு இயேசு கூட்டத்தைப் பார்த்து யோவானைப் புகழ்ந்தே பேசினார். உயிர்த்தெழுந்தவரை மலையில் பணிந்துகொண்ட அன்றும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார் (28:17). அதற்கு அடுத்த வசனங்களில்தான் உலகமெங்கும் போகச் சொல்லும் கட்டளை வருகிறது. சந்தேகப்பட்டவர்களை விலக்கிவிட்டுக் கொடுத்த கட்டளை அல்ல அது.

அப்போ சகரியா ஏன் ஊமையானார்? மரியாளும் கேள்வி கேட்டாங்களே?

நல்ல கேள்வி. முந்தின பதிலைக் கேட்டுவிட்டு ஒரு இளைஞர் விடாப்பிடியாகக் கேட்டது. பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் இருவருக்கும் சொன்னான். மரியாள் "இது எப்படியாகும்" என்கிறார். நடக்கும் என்பதை வைத்துக்கொண்டு வழி கேட்கிற கேள்வி. சகரியாவோ "இதை எதினால் அறிவேன்" என்று அத்தாட்சி கேட்கிறார், அதுவும் பல்லாண்டு ஜெபித்த ஆசாரியர், தூதனை எதிரே நிறுத்திக்கொண்டு. சாய்ந்துகொள்ளக் கேட்பதும் ஒன்று, சாயாமலிருக்கக் காரணம் தேடுவதும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கேட்கிறவருக்கே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சகரியாவின் பேச்சு போனது, வாக்குத்தத்தம் போகவில்லை. பிள்ளை பிறந்தது. வாய் திறந்ததும் அவர் முதலில் செய்தது துதிப்பது.

முன்னெல்லாம் ஜெபிச்சா கண்ணீர் வரும். இப்போ சுவர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. என் விசுவாசம் செத்துப்போச்சா?

சுவரிடம் பேசுகிற மாதிரி இருந்தும் பேசுகிறீர்கள் அல்லவா? முதல் பதிலில் சொன்ன மூன்றாவது காரியம் உங்களிடம் இருக்கிறது. உணர்ச்சி அந்த மூன்றில் ஒன்றல்ல. உணர்ச்சி நல்லது, வந்தால் அனுபவியுங்கள். ஆனால் அதை விசுவாசத்தின் அளவுகோலாக்கினால், உடம்பு களைத்த நாளெல்லாம் விசுவாசம் குறைந்த நாளாகிவிடும்.

சங்கீதம் 88-ஐ எடுத்துப் படியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் எங்காவது ஓரிடத்தில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். ஆனாலும் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிறது. அதை யாரும் திருத்தி எழுதவில்லை, அப்படியே ஆலயப் பாட்டாக வைத்துக்கொண்டார்கள். சிலுவை யோவான் 1577-ல் தம் சொந்தச் சபைத் துறவிகளாலேயே டொலேடோவில் சிறைவைக்கப்பட்டவர். ஆத்துமாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதியபோது, தேவன் உணர்ச்சியின் இனிப்பிலிருந்து ஆத்துமாவைப் பால் மறக்கடிக்கும் காலம் அது என்றார். அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு 2007-ல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் ஜெபத்தில் இருளையே உணர்ந்தது உலகத்துக்குத் தெரிந்தது. வேலை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. தூக்கம் போய், சாப்பாடு போய், சாகலாம் என்ற எண்ணமும் வந்தால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் எண்ணி உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாக விரும்பிய எலியாவை தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

விசுவாசம் இருந்திருந்தா சுகம் கிடைச்சிருக்கும்னு எங்ககிட்ட சொன்னாங்க. எங்க பிள்ளை போயிட்டான். எங்க விசுவாசம்தான் குறைஞ்சுதா?

இல்லை. விளக்கம் பிறகு. முதலில் அந்தச் சொல்லைக் கீழே போடுங்கள். துக்க வீட்டில் அதைச் சொன்னவர் வேதத்தையும் அறியவில்லை, உங்களையும் அறியவில்லை.

சுகமாக்கும் ஊழியத்தில் பவுலைவிட யார் இருக்கிறார்கள்? அவர் தம் சரீரத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். இவர்களில் ஒருவரையும் விசுவாசம் குறைந்தவர் என்று அவர் திட்டவில்லை.

எதிர்ப்பக்கத்து வசனத்தையும் மறைக்கக் கூடாது. நாசரேத்தில் அவர்களுடைய அவிசுவாசத்தினால் இயேசு அதிகம் செய்யவில்லை என்று மாற்கு 6 சொல்கிறது. ஆனால் அங்கே இருந்தது அழுதுகொண்டு ஜெபித்த பெற்றோர் அல்ல, "இவன் தச்சன் அல்லவா" என்று அவரையே தள்ளிவிட்ட ஊர். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனுக்கோ தன்னைச் சுகமாக்கியது யார் என்றே தெரியாது. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில், தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தை இயேசு கண்டார். இத்தனை விதமாக நடந்ததை ஒரே சூத்திரத்தில் அடைக்க முடியாது.

எபிரெயர் 11-ஐ இந்தக் கோணத்தில் வாசித்துப் பாருங்கள். 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். 37-ஆம் வசனத்தில் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள். அதே அதிகாரம், அதே விசுவாசம். தப்பினவர்களுக்கு அதிகம், செத்தவர்களுக்குக் குறைவு என்று அந்த ஆசிரியர் கணக்குப் போடவில்லை. தானியேல் 3-இல் எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் இதை அறிந்திருந்தார்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமல் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த "போனாலும்" வெளியே வராத விசுவாசம் இன்னும் வளரவேண்டிய விசுவாசம் என்பது என் கருத்து. பிள்ளையை இழந்தும் இந்தக் கேள்வியைக் கேட்க வந்த நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

மருந்து சாப்பிடுறது, எதிர்காலத்துக்குச் சேமிக்கிறது இதெல்லாம் அவிசுவாசமா?

நெகேமியா ஜெபம்பண்ணினார், ஜாமக்காரரையும் வைத்தார் (4:9). பவுலோடு கூடவே இருந்த லூக்கா மருத்துவர். ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துக் காட்டு என்று இயேசுவிடம் கேட்டவன் பிசாசு என்பதும் தெரிந்ததே. மருந்தை நிறுத்தச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

பவுல் விசுவாசத்தாலன்னு சொல்றார், யாக்கோபு கிரியையாலன்னு சொல்றார். ரெண்டு பேரும் ஆபிரகாமையே காட்டுறாங்க. யார் சரி?

லூத்தரையே குழப்பின இடம். 1522-ல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார்.

இரண்டாவது பதிலில் போட்ட வயது வரிசையைத் திரும்பப் பாருங்கள். ரோமர் 4-இல் பவுல் காட்டுவது ஆதியாகமம் 15: நட்சத்திரங்களை எண்ணிப்பார்க்கச் சொன்ன இரவு, இஸ்மவேல்கூடப் பிறக்காத காலம். கையில் ஒன்றுமில்லாமல் ஆபிரகாம் நம்பினார், அது நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22: ஈசாக்கு விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு மோரியாவில் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் பல ஆண்டுகள். பவுல் தொடக்கத்தைக் காட்டுகிறார், யாக்கோபு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறார். கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது என்பது யாக்கோபின் சொற்கள் (2:22). பூரணப்பட ஏற்கெனவே ஒன்று இருந்திருக்கவேண்டும். விசுவாசத்தை ஒரு நாளின் முடிவாக மட்டும் எண்ணினால் இந்த இரண்டு பேரும் சண்டைக்காரர்கள். ஒரு ஆயுளாக எண்ணினால் ஒரே கதையின் இரண்டு சாட்சிகள்.

இந்த வாக்குவாதத்தால் பிரிந்த சபைகள் முழுதாகச் சேரவில்லை என்றாலும், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் நீதிமானாக்கப்படுதல் குறித்து ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன.

விசுவாசமே தேவன் தர்ற ஈவுன்னா, நான் செய்ய என்ன இருக்கு? சும்மா இருக்கணுமா?

ஈவு என்பது எபேசியர் 2:8-இல் இருக்கிறது. பிலிப்பியர் 2-இல் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்றும், செய்கையை உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்றும் ஒரே மூச்சில் வருகிறது. பவுலுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. வளரச்செய்வது அவர், கிடைக்கிற இடத்தில் போய் நிற்பது நாம்.

எங்கே நிற்பது? வசனத்தைக் கேட்கிற இடத்தில், திருவிருந்தில், ஒருவருக்கொருவர் பாவத்தை அறிக்கையிடுகிற உறவில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத இரண்டைச் சேர்க்கிறேன். ஒன்று, சங்கீதங்களைத் தினமும் வரிசையாக, வாய்விட்டு ஜெபிப்பது. நமக்குப் பிடித்தவை மட்டுமல்ல, கோபமும் புகாரும் நிறைந்தவையும். அவற்றை ஜெபித்துப் பழகினவருக்கு, கெட்ட நாள் வரும்போது தேவனிடம் பேச வார்த்தை தேடவேண்டியிருக்காது. இரண்டாவது, கடுகு விதைப் பதிலில் சொன்னது: மன்னிக்கக் கஷ்டமான ஒருவரை மன்னிப்பது. பல கூட்டங்கள் செய்யாததை அந்த ஒரு காரியம் செய்துவிடும்.

வளர்ந்திருக்கிறேனா என்று அடிக்கடி சோதித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வேர் பிடித்ததா என்று செடியைப் பிடுங்கிப் பார்க்கிற வேலை அது. தெரிந்துகொண்டே தீரவேண்டுமென்றால் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவரைக் கேளுங்கள்.

என் மகன் சபைக்கு வர மாட்டேங்கிறான். கேள்வி மேல கேள்வி கேக்குறான். என்ன செய்ய?

கேட்கிறவரை பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்று மட்டும் சொல்லாதீர்கள். விசுவாசம் புரிதலைத் தேடும் என்று பதினோராம் நூற்றாண்டில் ஆன்செல்ம் எழுதினார், அவர் பேராயர். பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மதிப்பார்கள்.

மோனிக்காவின் மகன் அகஸ்தீன் மனிக்கேயர் என்ற வேறு மதத்தாரோடு சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் திரிந்தார். கல்விமானாகிய ஒரு பேராயரிடம், என் மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று மோனிக்கா கெஞ்சினார். இப்போது கேட்கமாட்டான், விட்டுவிடுங்கள், ஜெபம் மட்டும் செய்யுங்கள், படித்துத் தானே தெரிந்துகொள்வான் என்றார் அவர். 387-ல் மிலானில் அம்புரோஸ் கையால் அகஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 32. எல்லாக் கதையும் இப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பேராயரின் யோசனையில் பாதி, பேசாமலிருப்பது பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

நான் விழுந்துட்டேன், ரொம்ப மோசமா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?

பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவருக்காக வேண்டிக்கொண்டார்: உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு (லூக்கா 22:32). விழாதபடிக்கு அல்ல. கூடவே, நீ திரும்பினபின்பு உன் சகோதரரைப் பலப்படுத்து என்றார். திரும்பி வருவதும் அதற்கப்புறம் ஒரு வேலை இருப்பதும் விழுவதற்கு முன்பே சொல்லப்பட்டாயிற்று.

சபையும் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 250-ல் பேரரசன் தேசியுஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்றபோது, ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்ததும் அழுதுகொண்டு வாசலில் வந்து நின்றார்கள். இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நொவாத்தியன். கார்த்தேஜில் சிப்ரியனும் 251-ல் கூடிய பேராயர்களும், மனஸ்தாபத்துக்குக் காலம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். விழுந்தது ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை, கதவையும் அடைக்கவில்லை. உங்களுக்கும் அதுவே. பூஜ்யத்திலிருந்து அல்ல, விழுந்த இடத்திலிருந்து. தனியாக எழுந்திருக்கப் பார்க்காதீர்கள், நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள்.

அப்படின்னா இரட்சிப்பை இழக்க முடியுமா, முடியாதா?

சீர்திருத்தச் சபைகளின் தார்ட் மாநாடு (1618–19) முடியாது என்றது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களைத் தேவன் கடைசிவரை காப்பார் என்பதால். வெஸ்லியின் வழிவந்தவர்கள் முடியும் என்கிறார்கள். கத்தோலிக்க சபையும் சாவான பாவத்தால் கிருபையை இழக்கலாம், ஒப்புரவால் மீண்டும் பெறலாம் என்று போதிக்கிறது. ஒரு பக்கம் யோவான் 10:28, மறுபக்கம் எபிரெயர் 6. இரண்டையும் முழுதாக வாசிக்கவேண்டும். என் அனுபவத்தில் இதைப் பயந்து கேட்கிறவருக்கு முதல் வசனம் தேவைப்படுகிறது, இதைக் கேட்டு அசட்டையாகச் சிரிக்கிறவருக்கு இரண்டாவது.

எனக்கு வயசாயிடுச்சு, மறதி வருது. நாளைக்கு இயேசுவையே மறந்துட்டா?

விசுவாசம் என்றால் நம் நினைவில் வைத்திருக்கும் தகவல் என்றால் இது பயங்கரமான கேள்வி. முதல் பதிலில் அப்படிச் சொல்லவில்லை. நரைவயதுவரை தாங்குவேன், ஏந்துவேன், சுமப்பேன் என்று ஏசாயா 46:4-இல் சொல்லுகிறவர் அவர். நாம் அவரைப் பிடித்திருப்பது தளர்ந்தாலும் அவர் நம்மைப் பிடித்திருப்பது தளராது. பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்த பிறகும், பரமண்டல ஜெபத்தை யாராவது தொடங்கினால் கூடவே சொல்லிமுடிக்கிறவர்கள் உண்டு. அதுவும் போகிற ஒரு நாள் வரலாம்.

வீட்டாருக்கு ஒன்று: "இந்த வசனம் ஞாபகமிருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள், பாடுங்கள். திமிர்வாதக்காரனைத் தூக்கிவந்த ஆட்களின் வேலை இப்போது உங்களுடையது.

பரலோகத்துல எல்லாத்தையும் நேர்ல பார்த்துடுவோமே. அங்கே விசுவாசம் தேவைப்படுமா?

இங்கே தரிசித்து நடவாமல் விசுவாசித்து நடக்கிறோம் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 5:7). ஆகவே நேரில் காணும்போது விசுவாசத்துக்கு வேலை முடிந்துவிடும் என்று தாமஸ் அக்குவினாஸ் போதித்தார். ஒளிந்திருக்கிறதை ஏற்றுக்கொள்வது என்று பார்த்தால் அவர் சொல்வது சரி.

ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனேயுஸ் வேறு மாதிரி யோசித்தார். வரும் உலகத்திலும் தேவன் எப்போதும் கற்றுக்கொடுப்பார், மனிதன் எப்போதும் கற்றுக்கொள்வான், விசுவாசமும் நம்பிக்கையும் அன்பும் நிலைத்திருக்கும் என்றார். நிசாவின் கிரெகோரியும், தேவன் அளவற்றவர் ஆகையால் அவருக்குள் போகிற பயணத்துக்கு எல்லை இல்லை என்று எழுதினார். 1 கொரிந்தியர் 13:13-இல் நிலைத்திருக்கிறது மூன்று என்று சொல்லியிருப்பதாலும், முகமுகமாய்க் கண்டபின் ஒருவரை நம்புவது குறையும் என்று எனக்குத் தோன்றாததாலும், நான் ஐரேனேயுஸ் பக்கம்.